கடன் உண்டு, வரலாறு இல்லை

ஒரு மனுசர் நாணயமானவரா இல்லையா என்பதை எதை வைத்துச் சொல்வது? தமிழில் நாணயம் என்றால் காசு. நாணயம் என்றால் நேர்மையும்தான். காசு இருக்கிற இடத்தில்தான் நேர்மை இருக்கும் என்று நினைத்த சமூகத்துக்கு ஒரே சொல் போதுமாக இருந்திருக்கிறது. இன்றைக்கு அந்தச் சொல்லுக்குப் பதிலாக ஓர் எண் வந்திருக்கிறது. 300இல் தொடங்கி 900இல் முடிகிறது. சனங்கள் அதைச் 'சிபில்' என்கிறார்கள். அது 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு கம்பெனியின் பெயர். 2005இல் கடன் தகவல் நிறுவனங்களுக்கென்று சட்டம் வந்த பிறகு இன்னும் மூன்று கம்பெனிகள் வந்துவிட்டன. ஆனாலும் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் எல்லாமே சிபில்தான். "சிபில் இல்லம்மா, போயிட்டு வா" என்றால் கதை முடிந்தது.

தவணையை நாள் தவறாமல் கட்டினாயா, பாக்கி எவ்வளவு, எத்தனை இடத்தில் கடன் கேட்டாய் என்பதையெல்லாம் இந்த எண் பார்க்கிறது. கூடவே வயசையும் பார்க்கிறது. உன் வயசை அல்ல, உன் கடனின் வயசை. முதல் கணக்கு எப்போது திறந்தது, எல்லாக் கணக்குகளின் சராசரி வயசு என்ன என்பதெல்லாம் கணக்கில் வரும். ஒருவருக்கு 15 வருசக் கணக்கு ஒன்று, 5 வருசக் கணக்கு ஒன்று இருந்தால் சராசரி 10. இன்றைக்குப் புதிதாக ஒன்று திறந்தால் சராசரி ஏழுக்கும் கீழே இறங்கிவிடும். அமெரிக்காவில் 1989இல் வந்த ஃபைகோ எண், இந்த வயசுக்கு நூற்றுக்குப் 15 பங்கு தருவதாக வெளிப்படையாகவே சொல்கிறது. இங்குள்ள கம்பெனிகள் தங்கள் கணக்கை முழுசாகத் திறந்து காட்டுவதில்லை.

கடனே வாங்காதவருக்கு எண் கிடையாது. அந்த இடத்தில் 'என்.எச்.' என்று போடுகிறார்கள். நோ ஹிஸ்டரி. வரலாறு இல்லை.

நமக்கு இந்த வார்த்தை புதுசா என்ன? கோயில் கல்வெட்டில் நமக்கு வரலாறு இல்லை, பட்டாவில் இல்லை, பாடப்புத்தகத்தில் இல்லை என்றார்கள். இப்போது கடனிலும் இல்லையாம். இங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. இந்த நாட்டில் கடனோடு நம்மைவிட நீண்ட வரலாறு உள்ளவர் யார்?

என் தாத்தா படியாள். கல்யாணத்துக்கு வாங்கிய நெல்லுக்கும் கொஞ்சம் பணத்துக்கும் ஆயுசு பூராவும் ஏர் ஓட்டினார். அவர் போனதும் அதே கடன் எங்க நைனா தலையில் ஏறியது. "ஆண்ட சொன்னா சொன்னதுதான், கணக்கு கேக்க நாம யாரு" என்பார் ஆயா. கைநாட்டு வைத்த சீட்டு ஆண்டையின் பெட்டியில் இருந்தது. வாங்கியதுதான் அதில் இருந்தது. உழைத்துக் கட்டியது எந்தச் சீட்டிலும் ஏறவில்லை. மேலே மலையில் வேறு ரூபம். கல்வராயன் மலை மூன்று ஜாகீர்களாக இருந்தது. 1976இல்தான் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அதுவரை மலையாளிப் பழங்குடிகள் ஜாகீர்தாருக்குக் கூலியில்லா ஊழியம் செய்தார்கள். அந்த மக்களுக்கு 1996இல்தான் ஓட்டுரிமை கிடைத்தது என்று 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் தானாக எடுத்து நடத்திய வழக்கில் சொல்லப்பட்டது. ஓட்டுச்சீட்டே 1996இல் என்றால் கடன் கணக்கின் வயசு எவ்வளவு இருக்கும்?

கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அதே 1976தான். அதில் 15ஆம் பிரிவைத் தோழர்கள் எடுத்துப் படிக்க வேண்டும். 'இது கொத்தடிமைக் கடன்' என்று உழைப்பாளி சொன்னால் போதும். அப்படியில்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு கடன் கொடுத்தவனுடையது. காலங்காலமாக ஏழை சுமந்த நிரூபணப் பாரத்தைச் சட்டம் தூக்கி எதிர்ப்பக்கம் வைத்தது. ஓர் அறம் அதில் இருக்கிறது: எழுத்து யார் கையில் இருந்ததோ அவன்தான் பதில் சொல்ல வேண்டும். சிபில் எண் அந்தப் பாரத்தை மறுபடி நம் தலைக்கே மாற்றுகிறது. 'நீ நம்பத்தக்கவள் என்று நீயே காட்டு, அதுவும் நாங்கள் எழுதிவைத்த காகிதத்தில் காட்டு.'

எதிர்க்கேள்வி ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 'இந்த எண் சாதி கேட்பதில்லையே? முன்பு மேனேஜர் காலனி விலாசத்தைப் பார்த்ததுமே முகம் சுளித்தார். மெசினுக்கு முகமும் தெரியாது, தெருவும் தெரியாது. தவிரவும் கடன் வரலாறு பரம்பரைச் சொத்து அல்ல. ஆண்டை மகனும் பூஜ்யத்தில்தானே தொடங்குகிறான்?'

உண்மைதான். இரண்டு பேருமே பூஜ்யம். ஆனால் ஆண்டை மகனுக்காக அப்பா கூட்டுக் கையெழுத்துப் போடுகிறார். வங்கியில் வைப்புத்தொகை போட்டு அதன் பேரில் கார்டு வாங்கித் தருகிறார். 21 வயசில் அவன் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். காலனிப் பெண்ணின் கடிகாரம் 35 வயசிலும் நிற்கிறது. காலம் எல்லாருக்கும் பொதுவாம். ஆனால் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறவன் யார்? சாதியை நேரே கேட்காமல், சாதி பறித்த காலத்தைக் கேட்கிறது இந்த எண்.

கரும்பு வெட்டப் போகிறவர்கள் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்குகிறார்கள். பருவம் முழுக்க வெட்டிக் கழிக்கிறார்கள். அடுத்த வருசம் மேஸ்திரியே தேடி வந்து பணம் தருகிறார். ஏன் தருகிறார்? இந்த ஆள் ஓடமாட்டான் என்று அவருக்குத் தெரியும். இருபது பருவம் கழித்த நாணயம் மேஸ்திரியின் நோட்டில் கிடக்கிறது. வங்கிக்கு அது வரலாறு அல்ல.

அப்படியானால் எல்லாவற்றையும் எழுது என்று கேட்பதா? அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வாராவாரம் குழு லோன் கட்டுகிற பெண்களைக் கேளுங்கள். காய்ச்சலில் விட்டுப்போன தவணையும் எண்ணில் ஏறுகிறது. காய்ச்சல் ஏறுவதில்லை. எழுத்துக்குள் வருவது மட்டுமே விடுதலை ஆகாது. எழுதுகிறவனைக் கேள்வி கேட்கிற உரிமையும் வேண்டும்.

சில வாசல்கள் திறந்திருக்கின்றன. சுய உதவிக் குழுவின் கடனில் ஒவ்வோர் உறுப்பினரின் விவரத்தையும் தனியாகத் தரும்படி 2016இல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. முதன்முதலாகக் கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதை, 2025 ஆகஸ்டில் ஒன்றிய நிதித்துறை இணையமைச்சர் மக்களவையிலேயே சொன்னார். ஒவ்வொரு கம்பெனியிடமிருந்தும் வருசத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாக வாங்கலாம். சங்கத் தோழர்கள் காலனி காலனியாக இதை வாங்கிப் படித்துக் காட்ட வேண்டும். 'சிபில் இல்லை' என்று திருப்பி அனுப்பினால், அதை எழுத்தில் கொடு என்று கேட்க வேண்டும். பாரம் அவர்கள் பக்கம் போகட்டும்.

வரலாறு இல்லாதவர் நம்பத்தகாதவர் அல்ல. அவரை யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான். எழுதாதது அவர் குற்றமல்ல. நாணயம் பற்றிப் பாடம் நடத்துகிறவர்கள், மூன்று தலைமுறை உழைப்பை எந்தக் கணக்கில் வரவு வைத்தார்கள் என்று முதலில் சொல்லட்டும்.