கள்ளியும் வடலியும்

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு ஆலய பரிபாலன சபையினர் கேட்டிருந்தனர். சைவ சித்தாந்தம் பற்றி எழுத என்னிலும் தகுதியானோர் பலர் உளர். ஆகவே, நெடுநாளாக என் மனதை உறுத்திவரும் ஒரு கேள்வியையே அடியார்கள் முன் வைக்கத் துணிந்தேன். தான் இருந்து காணப்போகாத பயனுக்காக ஒருவன் பாடுபடுவது அறமா, வெறும் பிடிவாதமா என்பதே அக்கேள்வி.

வெள்ளவத்தையில் எமது மாடிவீட்டுப் பல்கனியில், பேரன் வாங்கிவந்த கள்ளிச்செடி ஒன்று சிறு சாடியில் நிற்கிறது. நான்கு வருடமாகியும் வளர்ந்ததாகத் தெரியவில்லை. "அப்பப்பா, இது செத்துப்போச்சோ?" என்று அவன் கேட்கப்போய்த்தான் கள்ளிகளைப் பற்றித் தேடி வாசித்தேன்.

அமெரிக்காவின் அரிசோனாவிலும் அதை அடுத்த மெக்சிக்கோவிலும் பரந்துள்ள சொனோரன் பாலைவனத்தில் சகுவாரோ என்றொரு கள்ளி உண்டு. முளைத்துப் பத்து வருடமாகியும் அது எமது சுண்டுவிரல் உயரத்தைத் தாண்டாது. முதற்பூ பூக்க ஏறத்தாழ 35 வருடம். கிளை விட 50 முதல் 75 வருடம். மழை குறைந்த இடமாயின் 100 வருடமும் செல்லும். அதன்பின் 40 அடிக்கு மேல் உயர்ந்து, 150 முதல் 200 வருடம் வரை வாழும். பகலில் நுண்துளைகளைத் திறந்தால் உள்ள நீரெல்லாம் ஆவியாகிவிடும் என்பதால், இரவில்தான் திறந்து காற்றை உள்ளெடுக்கிறது. நீரைக் காப்பதற்கு அது கொடுக்கும் விலைகளில் ஒன்றுதான் இந்த மந்த வளர்ச்சி. குருத்து வெய்யிலில் கருகாமல் தப்புவதும் பெரும்பாலும் வேறொரு மரத்தின் நிழலிலேதான். நிழல் கொடுத்த மரம் பலவேளைகளில் முதலில் பட்டுப்போய்விடும்.

அங்குள்ள தொஹோனோ ஓஒதாம் என்னும் ஆதிக்குடி மக்கள் சகுவாரோவை மரமாக அல்ல, மனிதராகவே மதிப்பவர்கள். பட்டுப்போன கள்ளியின் உள்நாரால் செய்த நீண்ட தடியைக் கொண்டே அதன் பழத்தைத் தட்டி விழுத்துகிறார்கள். வாசித்தபோது எங்கள் ஊர்க் கொக்கத்தடிதான் ஞாபகம் வந்தது. 1982 இல் அதே அரிசோனாவில் ஒருவர் விளையாட்டாகச் சகுவாரோவைத் துவக்கால் சுட, அது முறிந்து அவர்மேலேயே விழுந்து அவர் இறந்துபோனார். இதைத் தெய்வ தண்டனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வளர ஒரு நூற்றாண்டு எடுப்பதை அழிக்க ஒரு நிமிடம் போதும் என்பது மட்டும் தெரிகிறது.

கள்ளியைப் பார்த்துப் பொறுமையைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பிரசங்கம் செய்வோர் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. கள்ளிக்கு வேறு வழியில்லை. தண்ணீர் கிடைத்தால் அதுவும் விரைவாகத்தான் வளரும். வேறு வழி இருந்தும் காத்திருப்பவனிடமே பொறுமை உண்டு. எங்கள் ஐயா அப்படியானவர்.

1970 இல், அறுபதாவது வயதில், வலிகாமத்தில் எமது காணியின் எல்லை நெடுகப் பனங்கொட்டை தாட்டார். வடலியாகி, பனையாகிக் காய்க்க 12 முதல் 20 வருடம் செல்லும். ஆணா பெண்ணா என்பதும் பாளை வரும்போதுதான் தெரியும். ஐயா 1981 இல் காலமானார். ஒரு நுங்குதானும் குடிக்கவில்லை. குடித்தது நாங்கள். 1995 இடப்பெயர்வில் விட்டு வந்தோம். 2010 இல் திரும்பிப் போனபோது ஒரு பனை இல்லை. யுத்த காலத்தில் எல்லாம் தறிக்கப்பட்டிருந்தன.

ஐயா செய்தது வீணா? அன்று வேலியடியில் நின்றபோது வீண் என்றே பட்டது. கொழும்புக்குத் திரும்பிய பின், கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயத்தில் கருங்கல் தூணொன்றில் சாய்ந்திருந்தபோது வேறொன்று தோன்றியது. 1857 இல் பொன்னம்பல முதலியார் அமைத்த கோயிலை, அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 இல் தொடங்கிக் கருங்கல்லாற் புதுப்பித்தார். தகப்பன் எழுப்பிய கட்டடம் இன்று எம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் அங்கே வழிபாடு நிற்கவில்லை. அப்படியாயின், ஐயா எமக்கு விட்டுச்சென்றது பனையை மாத்திரமா?

2019 இல் நானும் நாற்பது கொட்டை தாட்டேன். "சித்தப்பா, உது காய்க்க நீங்கள் இருப்பியளோ? காணியை வித்துப்போட்டு நிம்மதியா இருங்கோவன்" என்றான் பெறாமகன். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. பிள்ளைகள் ஒருவரும் ஊரில் இல்லை. பயனை எதிர்பாராது கருமம் செய் என்கிறது கீதை. உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தப் பக்குவம் வரவில்லை. "இது அப்பப்பா வைத்த பனை" என்று பேரன் ஒருநாள் சொல்ல வேண்டும் என்ற ஆசை உள்ளே கிடக்கத்தான் செய்கிறது. ஆசையோடு வைத்தாலும் வடலி வடலிதானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

அடுத்த முறை போனபோது பதினொன்று மட்டும் ஓலை விட்டிருந்தது. மிகுதியை யாரோ கிழங்காகக் கிண்டியிருந்தார்கள். "நல்ல கிழங்கு, அண்ணை, தும்பே இல்லை" என்றார் பக்கத்து வளவுக்காரர். நான் ஒன்றும் பேசவில்லை. வெற்றிடங்களில் இந்தப் புரட்டாதியில் திரும்பவும் கொட்டை வைக்க வேண்டும். பேரனையும் கூட்டிப்போக எண்ணியுள்ளேன்.