ஆறு நிமிட நடை

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி வரும் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். முழுநிலவு நாளில் இலட்சக்கணக்கானோர் அதனை நடந்தே கடக்கின்றனர். பாதி வழியில் மூச்சு வாங்கி ஓரமாக அமர்ந்துவிடுவோரும் உண்டு. அவர்களை யாரும் குறை சொல்வதில்லை.

ஆனால் நடையே தேர்வாகும் இடமும் ஒன்றுண்டு. நுரையீரல் மாற்று அறுவைச் சிகிச்சையை நாடுவோரை மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடக்கச் செய்து, கடந்த தூரத்தை அளக்கின்றனர். இதனோடு நலிவையும் கணிப்பதுண்டு. எடை இழப்பு, அயர்ச்சி, கைப்பிடித் தளர்ச்சி, மெதுநடை, குறைந்த நடமாட்டம் ஆகிய ஐந்தில் மூன்று இருப்பின் ஒருவர் நலிவுற்றவர் என்னும் அளவுகோல் 2001-இல் அமெரிக்காவில் முதியோருக்கென வகுக்கப்பட்டது. பின்னர் நுரையீரல் நோயாளருக்கும் பயன்பட்டது. நலிவுற்றோர் காத்திருக்கையிலும் சிகிச்சைக்குப் பின்னும் இறக்கும் வாய்ப்பு மிகுதி என்று ஆய்வுகள் காட்டின.

அவ்வாறாயின், மிகவும் தேவைப்படுபவரையே விலக்குவது முறையா? இக்கேள்வி நமக்குக் கசக்கவே செய்கிறது. எனினும் மருத்துவரை இரக்கமற்றவர் என்றுவிட முடியாது. மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் திட்டம் தமிழகத்தில் 2008-இல் தொடங்கியது. கண்ணீரோடு ஒரு குடும்பம் கையளித்த கொடை, பெற்றவரிடம் நிலைக்க வேண்டுமென எண்ணுவதும் அறமே.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் உரோமையில் மாற்று அறுவை மருத்துவர்களிடம் பேசுகையில், உறுப்புகளைப் பங்கிடுவதில் ஒருவரது உழைக்கும் திறனோ சமூகப் பயனோ அளவுகோலாகக் கூடாது என்றும், மருத்துவக் காரணங்களே முடிவு செய்ய வேண்டும் என்றும் வலியுறுத்தினார். நலிவு மருத்துவக் காரணம்தான். ஆயினும் அது எங்கிருந்து வருகிறது? நோயிலிருந்து மட்டுமா? புரதம் வாங்க வழியில்லாத சமையலறையிலிருந்தும், பயிற்சிக்கு அழைத்துச் செல்ல ஆளில்லாத தனிமையிலிருந்தும் வருகிறதன்றோ? திருவண்ணாமலையிலிருந்து சென்னை ஏறத்தாழ 190 கிலோமீட்டர். மூச்சிரைக்கும் ஒருவர் வாரந்தோறும் பேருந்தேறிச் சென்று மீள்வதை எண்ணிப் பார்ப்போம்!

நலிவு மாறாத விதியன்று. தக்க உணவும், மேற்பார்வையோடு கூடிய பயிற்சியும் சிலருக்கு அதனைக் குறைக்கின்றன. புதிய நுரையீரல் பெற்றபின் அது நீங்கப் பெற்றோரும் உண்டு. ஆகவே 'இவர் தாங்கமாட்டார்' என்னும் தீர்ப்புக்கு முன், தாங்கும் வலுவைப் பெற அவருக்கு வாய்ப்பளித்தோமா என்று கேட்பதே நேர்மை என்போம். அக்கேள்வி மருத்துவமனையோடு நிற்பதில்லை. நம் தெருவிலும் ஆக்சிஜன் உருளையருகே ஒருவர் நாளெல்லாம் அமர்ந்திருக்கக்கூடும். மருத்துவர் அவருக்குக் குறித்துத் தந்த நடை, வாசலிலிருந்து தெருமுனை வரை மட்டுமே. உருளையைத் தூக்கிக்கொண்டு உடன் நடக்க ஓர் ஆள் வேண்டும். மாலை ஐந்து மணிக்கு, நாள்தோறும்.