முற்றுப்பெறாத வீடு

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் பெருந்தெருவில் அக்குறணையைக் கடந்து அலவத்துகொடவை அணுகும்போது, மேட்டிலும் சரிவிலும் முடிவுறாத வீடுகள் பல கண்ணிற் படுகின்றன. பூச்சுக் காணாத செங்கற்சுவர். யன்னல் வரவேண்டிய இடத்தில் பலகை. மேல்தட்டிலே வானை நோக்கி நிற்கும் இரும்புக் கம்பிகள். "முடிக்க வக்கில்லாதவன் ஏன் தொடங்கினான்?" என்று எமது நகரத்து நண்பர்கள் கேட்பதுண்டு. பணக்கணக்கைப் பற்றிய கேள்விபோலத் தோன்றினும், அடியில் இஃது அறத்தைப் பற்றிய கேள்வியே ஆகும். வீடு எப்போது வீடாகிறது? அது முடிந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்ல உரியவர் யார்?

நாட்கூலியிலோ சிறு சம்பளத்திலோ வாழ்பவன் வீட்டை வாங்குவதில்லை, வளர்க்கிறான். ஓராண்டுச் சீட்டுப்பணம் அத்திவாரமாகும். மறு ஆண்டு அடகுக்குப் போன காப்பு சுவராகும். சுவர் எழுந்தபின் கூரை காத்திராது. குளிர்நாடுகளிலே சுவர்தான் வீட்டின் உயிர் என்பர். இங்கே கூரைதான் உயிர். தென்மேற்கு மழை ஓய்ந்து மூச்சுவிடுமுன் ஒக்டோபரின் இடிமழை வந்துவிடும். அதன் பின்னே வடகீழ்ப் பருவமழை. பூச்சில்லாத செங்கல் அந்நீரைக் குடிக்கும். உட்புறத்தில் பாசி படரும். மேல்மாடிக்கென விட்டுவைத்த கம்பி துருவேறிப் பருத்து, தன்னைச் சூழ்ந்த கொங்கிரீட்டையே பிளக்கும். எனவே செல்வன் சில மாதங்களில் முடிக்கும் வீட்டைவிட, ஏழை பதினைந்து ஆண்டுகளில் முடிக்கும் அதே அளவு வீடு விலை கூடியதாகிறது. சில பகுதிகளை அவன் இருமுறை கட்டுகிறான் அல்லவா? (எமது அடுக்களைச் சுவரும் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பூச்சுக்குக் காத்திருக்கிறது. விருந்தினர் முன்னறைக்கு அப்பால் வரமாட்டார்கள் என்ற துணிவில் முன்னறையை மட்டும் பூசினோம்!)

இக்குறைவீட்டை இகழ்வோர் ஒரு நிறைவீட்டையும் பார்க்கவேண்டும். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உள்ள லயங்கள் பல வெள்ளையர் காலத்திலேயே கட்டி முடிக்கப்பட்டவை. ஒரு காம்பராவின் வழக்கமான அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி. அங்கே குடியிருப்பவன் கட்டவேண்டியது ஒன்றுமில்லை; பின்புறம் ஒரு சாய்ப்பு இறக்குவதற்கும் நிர்வாகத்தின் தயவு வேண்டும். குடும்பத்திலே தோட்டத்துக்கு உழைப்போர் உள்ளவரையில்தான் காம்பராவும் உண்டு. நூறாண்டுக்கு மேலாக முடிந்தே நிற்கும் இந்த வீட்டை வீடென்று சொல்ல எமக்கு மனம் ஒப்பவில்லை.

இங்கே எமது தோழர்கள் சிலர் ஏங்கெல்சை எடுத்துக்காட்டுவர். வீட்டுப் பிரச்சினை குறித்து 1872இல் எழுதத் தொடங்கிய கட்டுரைகளில், பெருநகரத் தொழிலாளிக்கு இடம்பெயரும் சுதந்திரமே முதல் தேவை, சொந்த வீடும் நிலமும் அவன் காலுக்கு விலங்காகும் என்று அவர் வாதித்தார் என்பது உண்மையே. ஆகவே சொந்த வீட்டாசை சிறுமுதலாளித்துவ மயக்கம் என்று முடிவு கட்டுகிறார்கள். ஆனால் அவர் கண்ட தொழிலாளிக்கு வேறு ஆலை இருந்தது. வேறு வாடகை வீடும் இருந்தது. தோட்டத் தொழிலாளியைக் கட்டிப்போட்டது சொந்த வீடன்று, சொந்த வீடின்மையே. வேலையை விட்டால் கூரையும் போகும் என்ற அச்சத்தைவிடக் கனமான விலங்கு வேறு உண்டோ? ஏங்கெல்சின் முடிவை மனனம் செய்வதைவிட, அவர் கேட்ட கேள்வியை இந்த மண்ணில் மீண்டும் கேட்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

அந்த மண்ணையும் சற்றே பார்ப்போம். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், பயிரிடப்படாத நிலத்தையெல்லாம் அரசினுடையது என்று கருத வழிசெய்து கோப்பித் துரைமாருக்குக் கதவைத் திறந்தது. கண்டிச் சிங்களக் குடியானவன் தன் மேட்டுக்காணியை இழந்தான்; அந்தக் காணியில் உழைக்க வந்த தமிழனுக்கும் ஒரு முழ நிலம் கிட்டவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவனுடைய பிரசாவுரிமையையே மறுத்தது; 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஆட்களைப் பங்கு பிரித்தது; 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் எஞ்சியோரும் இந்நாட்டவராயினர். குடியுரிமையே ஐம்பத்தைந்து ஆண்டுகள் தவணை முறையில் கட்டப்பட்டிருக்க, சுவர் பூச ஏன் தாமதம் என்று யார் யாரைக் கேட்பது? அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச் காணியில் தனிவீடுகள் எழுகின்றன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். நன்று. ஆனால் வீடு கிடைத்த பலருக்கு உறுதிப்பத்திரம் கூடவே வந்து சேரவில்லை.

இனி, நிலம் நிலைத்து நிற்குமா என்பது வேறு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. அம்மக்களை அகற்றவேண்டுமென 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போகும் இடம் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயலின் மழை கண்டி மாவட்டத்து மலைகளைப் பெயர்த்தபோது, அலவத்துகொடப் பகுதியும் உயிர்களைப் பறிகொடுத்தது. ஆண்டுக்கொரு வரிசையாகக் கல் அடுக்கியவனின் வீடும், ஒரேயடியாக முடித்தவனின் வீடும் அச்சரிவுக்கு ஒன்றே.

எமக்குத் தெரிந்த மேசன் ஒருவர் அத்தகைய சரிவொன்றில்தான் பிறருக்குக் கட்டிய நாட்கள் போக எஞ்சிய ஞாயிற்றுக்கிழமைகளில் தமக்கெனக் கட்டிவருகிறார். மழை கடுத்தால் வெளியேறவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆயினும் சென்ற வாரம் மேல்தட்டுக் கம்பிகளின் நுனியில், துருவேறாதிருக்க, பழைய பால்மாப் பேணிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அவரை அறிவிலி என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. வேறு காணி எங்கே என்று அவர் திரும்பிக் கேட்டிருந்தால், சுட்டிக்காட்ட எம்மிடம் ஒன்றும் இருந்திராது.