பிரிந்தும் பிரியாத பெயர்

நானுஓயாக் குளிரில் கலர் சோடாவை யார் தேடப் போகிறார்கள் என்று தோன்றும். ஆனால் கல்யாணம், திருவிழா என்றால் லயத்துக்கு நெக்டோ வந்தே தீரும். அதை அடைப்பது எலிபன்ட் ஹவுஸ், ஒரு காலத்தில் ஐஸ் விற்ற பெரிய கம்பனி. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறிய நம் சனத்துக்குத் தமிழ்நாட்டில் வேறொரு கலர் பழகியது: பொவண்டோ.

அது ஒரு குடும்பத்தின் சரக்கு. 1916இல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க்தான் அதை அடைக்கிறது; பிள்ளைகள் பேரன்கள் காலத்தில் ஊர் ஊராக ஆலை வைத்தது. 1977இல் இந்தியாவை விட்டுப் போன கோக்கா கோலா 1993இல் திரும்பி வந்து, பார்லேயின் தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. காளிமார்க் விலைபோகவில்லை.

பிடிவாதம் மட்டுமே காரணமில்லை. கண்ணாடிப் போத்தல் யாவாரத்தில் போத்தல்தான் முதல். காலியைத் திருப்பி எடுத்து, கழுவி, மறுபடி அடைக்க வேண்டும். லொறியில் தூரம் கூடக் கூடச் செலவும் உடைசலும் கூடும். பக்கத்து ஊரில் சொந்தக்காரர் ஆலை இருந்தால் அந்தத் தலைவலி பாதி. பங்காளிகள் ஆலைகளைப் பிரித்துக்கொண்டாலும் பெயரைப் பிரிக்காததுதான் எனக்குப் பெரிய சாமர்த்தியமாகப் படுகிறது. நம் குடும்பங்களில் அது லேசில் நடக்கிற காரியமா?

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின், மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தன. கடைக்காரர்கள் மாற்றுச் சரக்கு தேடியபோது பொவண்டோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.