பழக்கப்பட்ட நாயும் பார்வையிழந்தவர் உரிமையும்

நாய் இருக்கும் வீட்டில் ரஹ்மத்துடைய மலக்குகள் நுழையமாட்டார்கள் என்பதை அறியாத முஸ்லிம் குடும்பம் நம்மில் இல்லை. உழவர்கரையில் நாம் அன்றாடம் காணும் நாயோ தெருநாய். மருத்துவமனை, பள்ளிக்கூடம், பேருந்து நிலையம் முதலிய இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றும்படி உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் கட்டளையிட்டது. ஆகவே கோரிமேட்டு ஜிப்மர் வாசலில் நிற்கும் காவலாளிக்கு, நாய் என்றாலே துரத்தவேண்டிய ஒன்றுதான்.

அந்த வாசலுக்குப் பார்வையிழந்த ஒருவர், வார்ப்பட்டை பூட்டிய நாயுடன் வந்து, "இதுதான் எனக்குக் கண்" என்று சொன்னால் என்ன செய்வது? மெய்யா பொய்யா என்று விசாரிக்கலாமா? விசாரித்தால் எதுவரை?

நம் நாட்டில் இது அபூர்வம்தான். கைக்கோலும் உடன் வருபவரின் தோளுமே இங்கு வழக்கம். எனினும் பழக்கப்பட்ட வழிகாட்டி நாய் விமானத்தில் உடன் வர நம் நாட்டு விதிகளும் இடம் தருகின்றன. பிரான்சிலும் இங்கிலாந்திலும் பிள்ளைகள் குடியிருக்கும் புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இது தூரத்து மஸ்அலாவும் அல்ல.

வேட்டை, கால்நடை, விவசாயம் ஆகிய தேவைகளுக்கன்றி நாய் வளர்ப்பவரின் நன்மையில் நாள்தோறும் ஒரு கீராத் குறையும் என்பது ஹதீது. இந்தத் தேவைகளையொட்டி, வீட்டுக் காவலுக்கு வளர்ப்பதும் கூடும் என்பதே சரியான சொல் என இமாம் நவவி (ரஹ்) எழுதியுள்ளார்கள். ஆட்டைக் காக்க நாய் ஆகுமென்றால், மனிதனைக் குழியில் விழாமல் காக்க ஆகாதா?

இனி, பழக்கப்பட்ட நாய் என்று எப்படி அறிவது? இதற்கு நம் ஃபிக்ஹு நூல்களிலேயே அளவுகோல் உண்டு. பழக்கிய நாய் பிடித்த வேட்டைப் பொருளை உண்ணலாம் என்று திருமறையின் ஐந்தாவது அத்தியாயம் அனுமதிக்கிறது. எது பழக்கியது? ஏவினால் போகவேண்டும், தடுத்தால் நிற்கவேண்டும், பிடித்ததைத் தான் தின்னக்கூடாது. இது ஒருமுறை நடந்தால் போதாது, பழக்கமாகிவிட்டது என்று எண்ணும் அளவுக்குத் திரும்பத் திரும்ப நடக்கவேண்டும் என்பர் ஷாபிஈ இமாம்கள். ஹனபி மத்ஹபில் இமாம் அபூ யூசுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும் மூன்று முறை என்று வரையறுத்தார்கள். கவனியுங்கள்: நாயின் கழுத்துப் பட்டையை யாரும் பார்க்கச் சொல்லவில்லை, அதன் நடத்தையைத்தான் பார்க்கச் சொன்னார்கள்.

முதல் உலகப் போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்காக 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்கியது. இன்று வலிப்பு நோயாளிக்கும் நீரிழிவு நோயாளிக்கும்கூட நாய்கள் பழக்கப்படுகின்றன. சிக்கல் இங்கேதான். அந்த நோய்கள் வெளியே தெரியா. அமெரிக்கச் சட்டப்படி, விஷயம் வெளிப்படையாகத் தெரியாதபோது கடைக்காரர் இரண்டே கேள்விகள் கேட்கலாம்: உடற்குறைக்காக இந்த நாய் தேவைப்படுகிறதா? என்ன வேலைக்குப் பழக்கப்பட்டது? நோய் என்னவென்று கேட்கவோ, சான்றிதழ் கேட்கவோ கூடாது. ஆனால் நாய் கட்டுக்கடங்காமல் போய், உடையவரும் அடக்காவிட்டால் அதை வெளியேற்றலாம். மெய்யான உதவி நாயாயினும் சரியே.

இந்த நம்பிக்கையைச் சிலர் விற்றுத் தின்றார்கள். காசுக்குப் பட்டையும் அடையாள அட்டையும் வாங்கி, செல்லப் பிராணியை உதவி நாய் என்றார்கள். 2018இல் ஒரு பெண்மணி மயிலையே விமானத்தில் ஏற்றக் கொண்டுவந்தார்! 2020 டிசம்பரில் அந்நாட்டு அரசு விமான விதியை இறுக்கியது. மன ஆறுதலுக்கான பிராணிகளை உதவிப் பிராணிகளாக ஏற்கவேண்டியதில்லை என்றாயிற்று. பொய்யர் செய்ததற்கு நல்லவரும் படிவம் நிரப்பிக் கையெழுத்திடுகிறார். ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தது வியாபாரிக்கு மட்டுமா? ஊனமுற்றோர் சலுகையைப் பொய் சொல்லிப் பெற்றால் இரண்டாண்டுச் சிறை வரை உண்டு என்று நம் நாட்டின் 2016ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது.

அதற்காக வாசல்தோறும் நீதிபதி ஆகிவிடவும் கூடாது. அதிகமான சந்தேகத்தையும் துருவி ஆராய்வதையும் திருமறை விலக்குகிறது. பள்ளிக்கு அழைத்துவர ஆளில்லை என்று முறையிட்ட பார்வையற்ற தோழரிடம் நாயகம் (ஸல்) அவர்கள் பாங்கொலி கேட்கிறதா என்று வினவினார்கள். ஆளில்லை என்பதற்குச் சாட்சி கேட்கவில்லை. இரண்டு கேள்வியோடு நிறுத்தி, நாயின் நடத்தையைப் பார்த்துக்கொள்வதே என் அபிப்பிராயத்தில் போதுமானது.

"நஜீஸ் படுமே" என்று நம் கடைக்காரர் தயங்கலாம். ஷாபிஈ மத்ஹபிலும் இரு பக்கமும் உலர்ந்திருந்தால் நஜீஸ் ஒட்டாது. ஈரமாய்ப் பட்டால் ஏழு முறை, அதில் ஒன்று மண் கலந்து, கழுவினால் தீர்ந்தது. ஹனபிகளிடம் எச்சில்தான் நஜீஸ். மாலிகிகளிடம் நாய் சுத்தமே. ஒரு வாளித் தண்ணீரில் தீரும் கஷ்டத்திற்காக ஒருவரைத் தெருவில் நிறுத்துவதா?

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரப் பள்ளிவாசல் ஒன்றுக்கு 2008இல் இக்கேள்வி வந்தது. உலமாக்கள் அனுமதித்தார்கள், தொழும் இடத்தில் அல்ல, நுழைவாயிலருகே நாய்க்குத் தனியிடம். நம் பள்ளிகளிலும் செருப்பு விடும் இடத்துக்கு அப்பால் நிழலாக ஓர் ஓரமும், உள்ளே அழைத்துச் சென்று ஸஃப்பில் நிறுத்த ஒரு கையும் போதும். நாய்க்குத் தண்ணீர் வைக்கும் பாத்திரம் மட்டும் தனியாக, ஹவுளுக்குத் தொலைவில் இருக்கட்டும்.