தண்டனை முடிந்த பின்

தண்டனைக்கு ஒரு முடிவு உண்டா? உண்டு என்றே நாம் எண்ணுகிறோம். நீதிபதி ஈராண்டுச் சிறை விதித்தால், ஈராண்டு கழிந்ததும் சிறைக்கதவு திறக்கிறது, கடன் தீர்ந்தது. ஆயினும் வெளியே வந்தவன் வேலை கேட்கச் செல்லும் இடத்திலும், வாடகைக்கு வீடு கேட்கும் இடத்திலும், அவனுக்கு முன்பே அவனுடைய குற்றம் போய் நிற்கிறது. எந்த நீதிபதியும் விதிக்காத இந்த இரண்டாம் தண்டனைக்குக் கால எல்லை இல்லை.

இது வெறும் கற்பனை அன்று. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் டெவா பேஜர் என்னும் சமூகவியலாளர், ஒத்த தகுதியுள்ள இளைஞர்களை வேலை கேட்க அனுப்பிச் சோதித்தார். அவருடைய ஆய்வு 2003இல் வெளிவந்தது. குற்றப் பதிவு இல்லாத வெள்ளையரை நூற்றுக்கு 34 இடங்களில் மீண்டும் அழைத்தார்கள். பதிவு உள்ள வெள்ளையரை 17 இடங்களில். கறுப்பினத்தாருக்கோ பதிவு இல்லாதபோது 14, இருந்தபோது 5.

இந்தத் தீராத தண்டனைக்கு எல்லை வகுக்கவே அந்நாட்டு மாநிலங்கள் பல, குற்றப் பதிவை முத்திரையிட்டு மூடும் வழியைச் சட்டமாக்கியுள்ளன. நியூயார்க் மாநிலத்தில் 2017 அக்டோபர் முதல், தண்டனை விதிக்கப்பட்டோ சிறையிலிருந்து விடுதலை பெற்றோ 10 ஆண்டுகள் கழிந்தபின், வேறு குற்றத் தீர்ப்புக்கு ஆளாகாதவர், தம்மைத் தண்டித்த நீதிமன்றத்திடமே மனுச் செய்யலாம். இரண்டு தீர்ப்புகள் வரை மூடக் கோரலாம். அவற்றுள் ஒன்று மட்டுமே பெருங்குற்றமாக இருக்கலாம். பாலியல் குற்றங்களும் வன்முறைப் பெருங்குற்றங்களும் விலக்கு. அரசு வழக்குரைஞர் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். கழிந்த காலம், குற்றத்தின் கடுமை, மனுதாரரின் நடத்தை, பொதுமக்களின் பாதுகாப்பு ஆகியவற்றை நீதிபதி எடைபோட்டு முடிவு செய்கிறார். அனுமதி கிடைத்தாலும் பதிவு எரிக்கப்படுவதில்லை. நீதிமன்றமும் காவல்துறையும் அதைக் காண இயலும். பொதுமக்களுக்கு மட்டுமே அது மூடப்படுகிறது.

இங்கே நேர்மையான ஒரு தடை எழுகிறது. நடந்தது நடந்ததுதானே? உண்மையை மறைக்க நீதிமன்றமே துணைபோகலாமா? அறநெறி இறையியல் இதற்கு ஆழ்ந்த விடை தருகிறது. பொய்க்குற்றம் சுமத்துவது மட்டுமன்று, பிறருடைய மறைவான மெய்க்குற்றத்தை வெளிப்படுத்தி அவருடைய பெயரைக் கெடுப்பதும் புறங்கூறல் என்னும் பாவமே என்று புனித தோமா அக்குவினா கற்பித்தார். நற்பெயரைப் பறிப்பதைப் பொருளைத் திருடுவதினும் கொடியதாக வைத்தார். ஆனால், திறந்த மன்றத்தில் உரைத்த தீர்ப்பு மறைவானது அன்றே என்று கேட்கலாம். உண்மைதான். முத்திரையின் பொருளே அங்குதான் விளங்குகிறது. அன்று குற்றத்தை ஊரறியச் சொன்ன அதே நீதிமன்றம், பத்தாண்டு நடத்தையைக் கண்டபின், ‘இனி இது மறைவானது’ என்று சொல்கிறது. அதன்பின் அதைத் தோண்டி எடுத்துப் பரப்புபவன் செய்தி சொல்பவன் அல்லன். பிறர் நற்பெயரைக் கவர்பவன்.

இரண்டாம் தடை இதனினும் கனமானது. பாதிக்கப்பட்டவரின் நினைவை யார் மூடுவது? எவராலும் இயலாது, மூடச் சொல்வதும் முறையன்று. அவர் கூறுவதையும் நீதிபதி கருத்திற்கொள்ள வேண்டும் என்று நியூயார்க் சட்டம் சொல்வது நன்று. மன்னிப்பு அவருக்கே உரியது. அவருக்குப் பதிலாக நீதிபதி அதை வழங்க முடியாது. முத்திரை அவரை மறக்கச் சொல்லவில்லை. அக்குற்றத்தால் எத்தீங்கும் அடையாத அந்நியருக்கு, தீர்ந்த கடனை மீண்டும் மீண்டும் வசூலிக்க உரிமை இல்லை என்று மட்டுமே சொல்கிறது.

ஆயினும் ஒரு குறை உண்டு. கேட்டால்தான் கிடைக்கும் இரக்கம், கேட்கத் தெரிந்தவனுக்கே கிடைக்கிறது. மிச்சிகன் மாநிலத்தைப் பற்றி பிரெஸ்காட், ஸ்டார் என்னும் சட்டப் பேராசிரியர் இருவர் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, தகுதி பெற்று ஐந்தாண்டுகளுக்குள் இந்த நிவாரணத்தை அடைந்தவர் நூற்றுக்கு 6.5 பேர் மட்டுமே. அறியாமை, கட்டணம், அலைச்சல், நீதிமன்ற அச்சம் ஆகியவை ஏனையோரைத் தடுத்தன. எனவேதான் மனுவின்றித் தானாகவே பதிவை மூடும் சட்டத்தை 2018இல் பென்சில்வேனியா முதலில் இயற்றியது. நியூயார்க்கில் அத்தகைய சட்டம் 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. மனம் திருந்தியதை மன்றத்தில் வந்து காட்ட வேண்டாமா என்று சிலர் வினவுவர். குற்றமின்றிக் கழிந்த ஆண்டுகளைவிடத் தெளிவான சாட்சியத்தை எந்த மனு தரும்?

சட்டம் ஏட்டை மூடலாம். நாவை மூட அதனால் இயலாது. அண்டை வீட்டானின் பழைய வழக்கைப் புதிதாகக் குடிவந்தவரிடம் சொல்லி வைப்பவரும் நாமே. அவனுடைய மகளுக்கு வரன் பார்க்க வந்தவரிடம் அதை நினைவூட்டுபவரும் நாமே. காக்க வேண்டிய ஓர் உயிரைக் காப்பதற்காகப் பேச வேண்டிய வேளை உண்டு; அது கடமை. அத்தகைய தேவை ஏதுமின்றிப் பேசும்போது, எந்த அதிகாரத்தால் அந்த மனிதனுக்கு மீண்டும் தண்டனை விதிக்கிறோம்? நம்முள் ஒவ்வொருவரும் தமக்குத்தாமே கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இது.