பூநாரைக்கு ஒரு நியாயம், தாராவிக்கு ஒரு நியாயமா?

மும்பையில் பூநாரைக் காலம் ஏறக்குறைய நவம்பரில் தொடங்கி மே வரை நீளும். குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்து வரும் பறவைகள் தாணே கழிமுகச் சேற்றில் இளஞ்சிவப்புக் கூட்டமாக இறங்கி நிற்கும். அந்தப் பகுதி 2015-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் செம்பூரிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் கேமராப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களில் நம் தமிழர்களும் உண்டு. வாரமெல்லாம் அலுவலகத்தில் உழைத்துவிட்டு ஒரு நாளைப் படத்துக்கென்று ஒதுக்குகிறவர்கள். நல்ல பொழுதுபோக்கு. நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான்.

அங்கே அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பாருங்கள். சத்தம் போடமாட்டார்கள். பறவை தலையைத் தூக்கி இரண்டடி நகர்ந்தால், "அதுக்குப் பிடிக்கலை, போதும்" என்று பின்வாங்குவார்கள். கூட்டம் பறப்பதைப் படமெடுப்பதற்காக ஒருவன் கல்லெறிந்தால், அன்றோடு அவனை ஒதுக்கிவிடுவார்கள். கூட்டில் குஞ்சோடு இருக்கும் பறவையைப் படமெடுக்கக் கூடாது என்பது பறவைக்காரர்களிடையே ஊறிப்போன ஒழுக்கம். பல போட்டிகளில் அத்தகைய படத்தை ஏற்பதே இல்லை. கூடு என்பது அந்தப் பறவையின் வீடு. அங்கே அதைத் தொந்தரவு செய்ய நமக்கு உரிமை இல்லை. இதை யாரும் பாடம் எடுத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி அதே நண்பர்களோடு தாராவிக்கு வாருங்கள். தாராவியை ஒட்டியே மாஹிம் இயற்கைப் பூங்கா இருக்கிறது. குப்பைமேடாகக் கிடந்த 37 ஏக்கரைக் காடாக்கி 1994-இல் திறந்த இடம். காலையில் அங்கே வண்ணத்துப்பூச்சி. வெயில் ஏறியதும் சாலையைத் தாண்டி தாராவியில் 'ஸ்ட்ரீட்' போட்டோகிராபி. ஒரு சந்தில் ஒரு பெண் குனிந்து அப்பளம் காயப்போட்டுக்கொண்டிருக்கிறார். கவிழ்த்துப் போட்ட மூங்கில் கூடை. அதன்மேல் வட்டம் வட்டமாக ஈர அப்பளம். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. வெயில் சாய்வதற்குள் காய்ந்தால்தான் அன்றைய கணக்கு நேராகும். நண்பர் லென்ஸை மாற்றுகிறார். 85 எம்.எம்., எஃப் 1.8. பின்னணி மங்கலாகி முகம் மட்டும் எடுப்பாக நிற்கும். கிளிக். அந்தப் பெண் நிமிர்கிறார். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டடி நகர்கிறார். பூநாரை இரண்டடி நகர்ந்தபோது பின்வாங்கியவர், இங்கே இரண்டடி முன்னால் போகிறார்.

ஏன்? பறவையின் அசைவைப் படிக்கத் தெரிந்த கண்ணுக்கு ஒரு பெண்ணின் அசைவைப் படிக்கத் தெரியாமல் போகுமா? தெரியும். படிக்க வேண்டிய அவசியம் இல்லை என்று முடிவு கட்டிவிட்டோம். அந்த முடிவுக்கு நாம் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்போம்.

முதல் காரணம்: "அது பொது இடம்." தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஐந்தாறு பேர் வாழ்கிறார்கள். அந்த அறைக்குள் சமையலும் படுக்கையும் பிள்ளைகளின் படிப்பும் அடங்காது. ஆகவே பாத்திரம் கழுவுவது, தலை சீவுவது, பிள்ளையைக் குளிப்பாட்டுவது, துணி காயப்போடுவது எல்லாம் வாசலில். சந்துதான் அவர்களுக்கு அடுக்களை, முற்றம், கூடம். நமக்கு நான்கு சுவரும் கதவும் திரைச்சீலையும் இருப்பதால் நம் வாழ்க்கை தனி வாழ்க்கை. அவர்களுக்குச் சுவர் வாங்கக் காசில்லாததால் அவர்கள் வாழ்க்கை பொதுச் சொத்து என்றால், அந்தரங்கம் என்பது சதுர அடி விலைக்கு விற்கும் பண்டமாகிவிடுகிறது.

நாட்டின் சட்டம்கூட அப்படிச் சொல்லவில்லை. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முயன்றபோது எழுந்த வழக்கில், 1994-இல் உச்ச நீதிமன்றம், தன்னைத் தன்போக்கில் விட்டுவிடும்படி கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்று சொன்னது. அரசிடம் ஏற்கெனவே பதிவாகியிருந்த விவரங்களை வெளியிடலாம் என்று பத்திரிகையின் பக்கமும் நின்றது. 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமைக்குக் கதவும் பூட்டும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை எதுவும் இல்லை.

இன்னும் ஐயம் இருந்தால் ஒரு சோதனை. நாளைக் காலை மாட்டுங்காவில் ஏதாவது ஒரு குடியிருப்பின் எதிரே நில்லுங்கள். முதல் மாடி பால்கனியில் ஒரு மாமி தலை துவட்டிக்கொண்டிருப்பார். அவரும் சாலையிலிருந்து பார்த்தால் தெரிகிறார். லென்ஸை அவர் பக்கம் திருப்புங்கள். வாட்ச்மேன் வந்துவிடுவார், அக்கம்பக்கத்தார் கூடிவிடுவார்கள், உங்கள் பெயரும் முகவரியும் கேட்கப்படும். மாட்டுங்காவில் குற்றமாகத் தெரிவது தாராவியில் கலையாகத் தெரிந்தால், இடையில் மாறியிருப்பது எது? எதிரில் நிற்பவரின் சொத்தும் சாதியும்தான்.

இரண்டாவது காரணம்: "கேட்டால் இயல்பு போய்விடும்." போகும்தான். கேட்டதும் சேலையைச் சரிசெய்வார், சிரிப்பார், அல்லது வேண்டாம் என்பார். அந்த "வேண்டாம்" என்பதையும் சேர்த்துத்தான் அவருடைய இயல்பு. அதைத் தவிர்க்கத்தான் கேட்காமல் எடுக்கிறோம் என்றால், மறுக்கும் உரிமையை அவரிடமிருந்து முன்கூட்டியே பறித்துவிட்டோம் என்று பொருள். உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிப் பாருங்கள். அவர் வேலையைப் பார்ப்பார், கேமராவை மறந்தும் போவார். இயல்பு வேண்டுமானால் அதற்கு விலை நேரம். அந்த விலையைக் கொடுக்க மனமில்லாமல் குறுக்கு வழியில் போகிறோம்.

மூன்றாவது காரணம்தான் கனமானது: "ஏழைகளின் நிலைமையை உலகுக்குக் காட்டுகிறோம்." படத்தால் நல்லது நடந்ததே இல்லை என்று சொன்னால் அது பொய். 1984-இல் போபாலில் விஷவாயுவுக்குப் பலியாகி மண்ணுக்குள் போகும் குழந்தையின் முகத்தை ரகு ராய் எடுத்த படம் ஒரு குற்றத்தின் சாட்சி. திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' ஆவணப்படம் 2017-இல் மலக்குழிச் சாவுகளைத் தமிழ்நாட்டின் முகத்துக்கு நேரே நிறுத்தியது. இங்கெல்லாம் படம் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது: நிறுவனத்தை, அரசை, சாதியை. நம் ஞாயிற்றுக்கிழமைப் படம் யாரை ஏற்றுகிறது? அப்பளம் போடும் பெண்ணுக்கு எவ்வளவு கூலி, யார் தருகிறார்கள், ஏன் இவ்வளவு குறைவு என்று அதில் ஒரு வரி உண்டா? இல்லை. துளை அளவு, ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கும். பெண்ணின் பெயர் மட்டும் இருக்காது.

1936-இல் கலிஃபோர்னியாவில் டோரதியா லாங் எடுத்த நாடோடித் தாயின் படம் உலகப் புகழ் பெற்றது. எடுத்தவர் அந்தத் தாயின் பெயரைக் கேட்கவில்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற அவர் பெயர் 1978-இல்தான் வெளியே வந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று அவர் வருத்தப்பட்டார். 1998-இல் அந்தப் படத்தின் ஒரு பிரதி ஏலத்தில் 2,44,500 டாலருக்குப் போனது. 1984-இல் பெஷாவர் அருகே அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த பச்சைக் கண் சிறுமியின் படம் பத்திரிகை அட்டையில் வந்தது. ஷர்பத் குலா என்ற அவர் பெயர் உலகத்துக்குத் தெரியப் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. உலகமே பார்த்த அந்த முகம், 2016-இல் போலி அடையாள அட்டை வைத்திருந்ததாகப் பாகிஸ்தானில் கைதானது. இந்தியாவில் நடந்ததையும் மறக்க வேண்டாம். இத்தாலியரான அலெஸியோ மாமோ, உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் ஏழைகளைப் பொம்மை உணவு பரப்பிய மேசை முன்னால் நிறுத்தி, சாப்பிட ஆசைப்படும் உணவைக் கற்பனை செய்யச் சொல்லிப் படமெடுத்தார். 2018-இல் அவை வெளியே தெரிந்தபோது எழுந்த கண்டனத்தில் மன்னிப்புக் கேட்டார். பசியைக் காட்டினால் பசி தீரும் என்ற நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு அதுவே போதும்.

அந்தக் காலத்துப் பாட்டிகள் போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்தார்கள். அது மூடநம்பிக்கை; சந்தேகமே இல்லை. ஆனால் நம் பையிலும் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது: கேமரா உள்ளதை உள்ளபடி காட்டும் என்பது. லென்ஸைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம் அதன் அடிப்படை அறிவியலையாவது மதிக்க வேண்டாமா? ரயில் பாதைக்கு மேலுள்ள நடைபாலத்தில் நின்று 200 எம்.எம். லென்ஸில் தாராவியை எடுத்தால், தகரக் கூரைகளும் நீலத் தார்ப்பாய்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மூச்சுவிட இடமில்லாத ஒரே குவியலாகத் தெரியும். லென்ஸ் நெருக்குகிறது என்போம். தவறு. அதே இடத்தில் நின்று 24 எம்.எம். லென்ஸில் எடுத்து நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்குங்கள். தெளிவு குறையும், கூரைகளின் நெருக்கம் மாறாது. நெருக்கிக் காட்டுவது நாம் நிற்கும் தூரம். கிட்டே போய்ச் சந்துக்குள் நின்றால் அதே குவியலில் கதவு தெரியும், கதவுக்குப் பின்னால் தையல் இயந்திரம் தெரியும், மாவு அரைக்கும் கிரைண்டர் தெரியும், பரீட்சைக்குப் படிக்கும் பெண் தெரிவாள். தூரத்தில் நின்றே எடுத்துவிட்டு ஊர் அப்படித்தான் இருக்கிறது என்பவர், தான் நின்ற இடத்தை மறைக்கிறார்.

இது வெறும் அழகியல் தகராறு அல்ல. அதானி குழுமமும் மாநில அரசும் சேர்ந்த நிறுவனம் இப்போது தாராவியை மறுசீரமைக்க இறங்கியிருக்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததை நிரூபிப்பவர்களுக்குத்தான் அங்கேயே இலவச வீடு. மற்றவர்களில் பெரும்பாலோர் வேறிடத்துக்குப் போக வேண்டும். தலைமுறையாக வாழ்ந்த மண்ணில் தாங்கள் வாழ்ந்ததற்கு மனிதர்கள் காகிதம் தேடிக்கொண்டிருக்கும் நேரம் இது. இந்த நேரத்தில் மனிதரில்லாத கூரைக் குவியலையும் பெயரில்லாத முகங்களையும் பரப்புவது யாருக்கு உதவும்? வெறும் குப்பையாகத் தெரியும் ஊரைப் பெருக்கித் தள்ளச் சொல்வது எவருக்கும் எளிது.

மும்பைத் தமிழனுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து தாராவியை உழைத்து உருவாக்கியவர்களில் நம்மவர்கள் ஏராளம். ஊரில் சாதியின் பேரால் ஒதுக்கப்பட்டவர்கள் அவர்களில் பலர். காலையில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் இட்லி, விடியும் முன்னே தாராவியின் ஆவிக்குள் வெந்தது. அந்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டு அதை அவித்த கையையே காட்சிப்பொருளாக எடுக்கப் போகிறோம். "ஏ தம்பி, எதுக்குய்யா எடுக்கிய?" என்று ஒரு ஆச்சி கேட்டால், புரியாததுபோல் நகரவும் நம்மால் முடியாது. அது நம் மொழி. பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சுயமரியாதை இயக்கம் 1925-இல் நம் மண்ணில் எழுப்பிய கேள்வியும் இதுதான்: ஒரு மனிதனை இன்னொரு மனிதன் கீழே வைத்துப் பார்க்க என்ன நியாயம்?

வேறு வழி இல்லாமலில்லை. தாராவிக்கு வெளியூர்க்காரர்களை அழைத்துச் செல்லும் ரியாலிட்டி டூர்ஸ், நடக்கும்போது படமெடுக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. அப்படியும் ஆட்கள் வருகிறார்கள், பார்க்கிறார்கள், பேசுகிறார்கள். 2015-இல் ஸ்நேகா தொண்டு அமைப்பு நடத்திய 'ஆலி கலி' கலைவிழாவில் தாராவி மக்களே படைப்பாளிகளாக நின்றார்கள். 'கக்கூஸ்' படத்தின் ஒளிப்பதிவாளர் பழனிகுமார், மதுரையில் மீன் விற்ற ஒரு தாயின் மகன். தான் பிறந்து வளர்ந்த உழைப்பாளி உலகத்தையே படமெடுக்கிறார், அந்த உலகத்துப் பிள்ளைகளுக்கும் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். அவர் படங்களில் மனிதர்களுக்குப் பெயர் இருக்கிறது.

ஆகவே நண்பர்களே, கேமராவைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதை எடுக்கும் முன் வாயைத் திறக்கச் சொல்கிறேன். பெயரைக் கேளுங்கள், உங்கள் பெயரைச் சொல்லுங்கள். படம் எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். குழந்தை தானாக ஓடி வந்து போஸ் கொடுத்தாலும் பெற்றவர்களைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் கேமராவை இறக்குங்கள். எடுத்தால் ஒரு பிரிண்ட் போட்டு, அதே சந்துக்குத் திரும்பிப் போய் அவர் கையில் கொடுங்கள். படம் பரிசு வாங்கினால் பரிசில் பங்கு கொடுங்கள். சட்டப்படி படத்தின் உரிமை எடுத்தவருக்கு அவர் வாழ்நாள் முழுவதும் உண்டு, அவர் இறந்த பின்னும் 60 ஆண்டுகள் வாரிசுக்கு உண்டு. முகத்தைக் கொடுத்தவருக்கு அதில் எதுவும் இல்லை. சட்டம் தராததைத் தருவதற்குத்தான் மனசாட்சி.

இதையெல்லாம் செய்ய நேரமில்லை என்றால் அந்தப் படத்தை எடுக்காமல் விடுங்கள். உலகத்துக்கு ஒரு நஷ்டமும் வராது. கேட்காமல் எடுத்த படம் எத்தனை கூர்மையாக இருந்தாலும், எத்தனை விலை உயர்ந்த லென்ஸில் எடுத்திருந்தாலும், அது பிறர் வீட்டுப் பொருளைச் சொல்லாமல் எடுத்து வந்ததுதான்.